கை நனைத்த இடம்

ஜெயங்கொண்டம்
6.2.2005

தம்பி மணிவேலுக்கு அண்ணன் அய்யம்பெருமாள் எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியம். உன் முதுகுவலிக்கு அம்பத்தூர் டாக்டர் கொடுத்த பெல்ட் ஒத்துவந்ததா என்று எழுது.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, நம் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இதற்கு இணையாகச் சொல்வதானால் அப்பா கிணற்றுக்கு இடம் குறித்ததைத்தான் சொல்ல வேண்டும். மகள் அனிதாவின் விண்ணப்பங்களைக் கறுப்பு மையில் நிரப்புவது என்று தீர்மானித்திருக்கிறோம். உன் அண்ணி ராசாத்தி நீல மைக்காக முக்கால் மணி நேரம் வாதாடினாள். கறுப்பு ஆகாது என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிடலாம் என்று மச்சான் இளையபெருமாள் சொன்னதும் சபை கலைந்தது. பேனா வாங்கியாகிவிட்டது.

விண்ணப்பங்கள் இரண்டு. ஒன்று செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற ராஜலிங்கம் பல்கலைக்கழகம். மற்றது பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கிற பூர்ணோதயா பல்கலைக்கழகம். இரண்டும் தனியார். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு. நூறு பேர் கேட்டால் நாலு பேருக்குத்தான் கொடுப்பார்களாம். அனிதாவுக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் பி.டெக். படிக்க ஆசை. பத்தாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதல் என்பது உனக்குத் தெரியும். கட்டணத்துக்கு விற்க, மேற்கே நம் முந்திரிக்காடு இருக்கிறது. அதைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

இரண்டில் எது என்பதுதான் கேள்வி. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இந்த வட்டாரத்தில் நாற்பத்து மூன்று கல்யாணம் பேசி முடித்திருக்கிறேன். போனில் பேசியது எதுவும் நின்றதில்லை. நீ செய்ய வேண்டியது விசாரணை. ஒரு குடும்பத்தைப் பற்றி அந்த வீட்டிலேயே போய்க் கேட்கக் கூடாது. எதிர்த்த டீக்கடை, முடிவெட்டுகிற கடை, பால் ஊற்றுகிறவர், இந்த மூன்று இடத்தில் கேள்.

பிளஸ் டூவுக்கு உன் பையன் பிரேம்குமார் படிக்கிறானா? உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அய்யம்பெருமாள்


அம்பத்தூர்
21.2.2005

அண்ணனுக்கும் அண்ணிக்கும் மணிவேல் வணக்கம். பெல்ட் போட்டால் முதுகுவலி இல்லை, மூச்சுதான் விட முடியவில்லை. உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று போன மாதமே கேட்டேன், பதில் இல்லை.

இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். ராஜலிங்கத்துக்கு எதிரே டீக்கடை இருக்கிறது. “நல்ல எடம் சார். ஒரு நாளைக்கு அறுநூறு டீ ஓடுது” என்றார் கடைக்காரர். படிப்பு எப்படி என்றேன். “படிப்பு உள்ளல்ல நடக்குது. நான் வெளில இருக்கேன்” என்றார்.

பூர்ணோதயாவுக்கு எதிரே டீக்கடை கிடையாது. ஒரு ஜெராக்ஸ் கடை மட்டும். “ராத்திரி பத்து மணி வரைக்கும் புத்தகத்தத் தூக்கிட்டு வருதுங்க சார். கடையச் சாத்த வுட மாட்டேங்குதுங்க” என்று அந்தப் பையன் அலுத்துக்கொண்டான். பால் ஊற்றுகிறவர் இரண்டு இடத்திலும் இல்லை, பாக்கெட் பால்தான்.

என்னைக் கேட்டால் பூர்ணோதயா. யோசிக்கவே வேண்டாம் அண்ணா. இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள், கிடைத்தால் பூர்ணோதயாவில் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள். கூடவே அரசாங்கக் கவுன்சலிங்குக்கும் ஒன்று போட்டுவையுங்கள். அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

பிரேம்குமாரும் இரண்டுக்கும் எழுதுகிறான். அனிதாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான். அவன் மார்க் உங்களுக்குத் தெரியாததா.

தங்கள் தம்பி
மணிவேல்


ஜெயங்கொண்டம்
4.3.2005

தம்பிக்கு ஆசீர்வாதம். சர்க்கரை அளவாக இருக்கிறது, அளவைத்தான் பார்க்கவில்லை.

புதன்கிழமை முகூர்த்த நாள். வேன் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். நான், ராசாத்தி, மச்சான், அனிதா, டிரைவர் பாவாடை, ஆக ஐந்து பேர். தட்டில் வெற்றிலை, பழம், கற்கண்டு கொண்டுபோனோம். ராஜலிங்கத்தின் வாசலில் காவலாளி, “யாரப் பாக்கணும்?” என்றான். “பல்கலைக்கழகத்தப் பாக்கணும்” என்றேன். அவன் அதற்குத் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தான்.

அன்றைக்கு அங்கே பெற்றோர் வந்து பார்க்கிற நாளாம். பந்தல் போட்டு, மாலைபோட்ட நிறுவனர் படம் வைத்து, எங்களைப் போல முந்நூறு பேரை உட்காரவைத்திருந்தார்கள். தட்டை வாங்கிக்கொண்ட பெண் பழத்தை எண்ணிப் பார்க்கவில்லை. அது நல்ல குணம். பிறகு சாப்பிடச் சொன்னார்கள். நான் தயங்கினேன். பேச்சு முடியாத வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்குள் பாவாடை இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிவிட்டார். நம்முடன் வந்த ஆள் உட்கார்ந்த பிறகு நான் நின்றால் அந்த இடத்துக்கு அவமானம். கை நனைத்துவிட்டோம். பால் பாயசம்.

பூர்ணோதயாவில் கூட்டம் இல்லை. ஒரு அலுவலர் இருபது நிமிடத்தில் சுற்றிக்காட்டினார். காகித டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள், தொடவில்லை. இதற்கிடையில் அனிதாவைக் காணோம். தேடினால் நூலகத்தில் இருக்கிறாள்.

இரண்டு இடத்திலும், “ஊருக்குப் போய்க் கடிதம் போடுறோம்” என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். பூர்ணோதயா அலுவலர், “லெட்டர் வேணாம் சார், அப்ளிகேஷன் போடுங்க” என்றார். கொஞ்சம் அவசரக்கார இடம்.

கவுன்சலிங் பற்றி எழுதியிருந்தாய். பெரிய கூடத்தில் ஆயிரம் பேரை உட்காரவைத்து, திரையில் ஓடுகிற பெயரைப் பார்த்து நொடியில் பிடித்துக்கொள் என்கிறார்களாம். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்க விடுவார்கள். மேலும் இரண்டு இடத்தில் பேச்சு நடக்கும்போது மூன்றாவது இடத்தில் ஜாதகம் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. போடப்போவதில்லை.

அய்யம்பெருமாள்


ஜெயங்கொண்டம்
6.3.2005

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் அனிதாவின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு வேனில் போய்வந்ததில் தலைசுற்றல், இப்போது பரவாயில்லை.

அப்பா இரண்டு இடத்தையும் ஒப்பிட்டு எழுதியிருப்பார். நான் ஒப்பிட்டதையும் ஒருவரிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் நான்கு. அதிகாரி பார்வைக்கு வரும் அன்று உறையை எடுத்துத் துடைப்பார்கள், மாலையில் மூடிவிடுவார்கள். புரோகிராம் எல்லாவற்றையும் நான் நோட்டில்தான் எழுதிப் படித்திருக்கிறேன்.

பூர்ணோதயா நூலகத்தில் ஒரு அக்கா, “ஒக்காந்து அடிச்சுப் பாரேன்” என்று எழுந்து இடம் கொடுத்தார். நோட்டில் இருந்ததை அடித்தேன். இரண்டு தப்பு. திருத்தினேன். ஓடியது சித்தப்பா. ராஜலிங்கத்திலும் கேட்டுப் பார்த்தேன். ஆய்வகம் இன்றைக்குப் பூட்டியிருக்கிறது, பாயசம் இன்னொரு தரம் வாங்கிக்கொள் என்றார்கள்.

நீங்களும் பூர்ணோதயாதான் நல்லது என்று எழுதியதை அப்பா படித்துக் காட்டினார். சந்தோஷமாக இருந்தது. நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். தொடர்ந்து சொல்லுங்கள்.

அனிதா


அம்பத்தூர்
3.5.2005

அண்ணனுக்கு மணிவேல் வணக்கம். நேற்று இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்ட அனிதா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். முதுகு அப்படியே இருக்கிறது.

இரண்டு நுழைவுத் தேர்வும் முடிந்தன. ராஜலிங்கம் தேர்வு அன்று அவளுக்கு நல்ல காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு போய் எழுதினாள். பூர்ணோதயாவில் நேரம் முடிவதற்கு அரை மணி முன்னாலேயே எழுதி முடித்துவிட்டாளாம். பிரேம்குமார் கடைசி நிமிடம் வரை எழுதினான். அவனுக்குப் பொறுமை அதிகம்.

இங்கே தங்கிய மூன்று நாளும் மாலையில் அவனுக்கு அனிதாதான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். “சித்தப்பா, பிரேமுக்கு எல்லாம் வருது, எழுதத்தான் சோம்பேறித்தனம்” என்றாள். அவன் அம்மா அன்றிலிருந்து அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லியாகிவிட்டது.

மணிவேல்


ஜெயங்கொண்டம்
25.5.2005

தம்பிக்கு, ஆசீர்வாதம். உன் அண்ணி பிடிவாதத்தின் பேரில் சர்க்கரை பார்த்தேன். டாக்டர் எண்ணைச் சொல்லாமல் என் வயதைக் கேட்டார்.

அனிதா பிளஸ் டூவில் ஆயிரத்து நூற்று இருபத்தொன்று. பூர்ணோதயாவில் இருந்தும் கடிதம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் சர்க்கரை வழங்கினோம், நான் தொடவில்லை.

ஆனால் அந்தக் கடிதத்தை நீ படித்துப் பார்க்க வேண்டும். ‘அன்புடையீர்’ இல்லை. நலம் விசாரிப்பு இல்லை. ஜூன் 20க்குள் பணம் கட்டி உறுதிசெய்யாவிட்டால் இடம் ரத்தாகும் என்று நான்கே வரி. நாற்பத்து மூன்று கல்யாணத்தில் கெடு வைத்துப் பேசிய குடும்பம் மூன்று. மூன்றிலும் பெண் திரும்பி வந்துவிட்டாள்.

ராஜலிங்கத்தின் முடிவு ஜூன் 18ஆம் தேதிதான். ஆனால் அவர்கள் காட்டுகிற அக்கறை வேறு. மகளிர் தினத்துக்கு வாழ்த்து, தமிழ்ப் புத்தாண்டுக்கு வாழ்த்து, போன வாரம் அனிதாவின் பிறந்த நாளுக்கு ஒரு அட்டை. எல்லாவற்றிலும் வேந்தரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அச்சடித்த கையெழுத்து என்கிறாள் அனிதா. அச்சடிக்கிற அளவுக்கு வேலையுள்ள மனிதர் நம்மை நினைத்தாரே என்கிறேன் நான்.

எல்லாவற்றுக்கும் மேல், அங்கே கை நனைத்திருக்கிறோம். உன் யோசனையை எழுது.

அய்யம்பெருமாள்


அம்பத்தூர்
2.6.2005

அண்ணனுக்கு வணக்கம். அனிதா மார்க் கேட்டு எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

பிரேம்குமாருக்குப் பூர்ணோதயாவில் இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரிவுதான். நேரில் போய் விசாரித்ததில், முதல் பெயரே அவனுடையதுதான் என்றார்கள். யாராவது வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் கூப்பிடுவார்களாம். யார் எழுதிக்கொடுக்கப் போகிறார்கள். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

யோசனை கேட்டிருந்தீர்கள். எத்தனையோ இடம் பார்த்தவர் நீங்கள். உங்களுக்கு நான் என்ன சொல்வது. எது சரி என்று தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள்.

மணிவேல்


ஜெயங்கொண்டம்
6.6.2005

தம்பிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நலம், அனிதா மட்டும் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில்.

முடிவு செய்துவிட்டேன். ராஜலிங்கம்தான். நீயும் இந்தத் தடவை பூர்ணோதயாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஒரு இடத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு இடத்தை வாசலில் நிறுத்திவைப்பது எனக்கு ஆகாது. வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதுதான் அவர்களுக்கும் மரியாதை, பட்டியலில் நிற்கிறவர்களுக்கும் மரியாதை. “அங்க இன்னும் எடம் குடுக்கவே இல்லியே மாமா. இத வுட்டுட்டா நடுத் தெருவுலல்ல நிக்கணும்” என்றார் மச்சான். கை நனைத்த இடத்தில் கைவிட மாட்டார்கள் என்றேன். “அவங்க முந்நூறு பேருக்குல்ல சோறு போட்டாங்க” என்று முணுமுணுத்தார். அவருக்கு இந்த விஷயத்தில் அனுபவம் போதாது.

பூர்ணோதயாவுக்கு நான் எழுதிய மறுப்புக் கடிதம் இத்துடன் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். குறை எதுவும் சொல்லவில்லை. சம்பந்தம் அமையவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். தபாலில் மறுப்பது நாகரிகம் இல்லை. நீ நேரில் போய்க் கொடுத்து, ரசீது வாங்கி அனுப்பு.

அய்யம்பெருமாள்


ஜெயங்கொண்டம்
7.6.2005

சித்தப்பாவுக்கு அனிதா வணக்கம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

அப்பா நேற்று அனுப்பிய கடிதம் உங்களுக்கு வந்திருக்கும். தயவுசெய்து அதைக் கொடுக்காதீர்கள். கிழிக்க வேண்டாம், ஜூன் 18 வரை உங்கள் பீரோவில் இருந்தால் போதும். அன்றைக்கு ராஜலிங்கம் முடிவு தெரிந்துவிடும். அங்கே கிடைத்துவிட்டால் மறுநாளே கொடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்து 20ஆம் தேதிக்குள் பூர்ணோதயாவில் பணம் கட்டவைப்பேன். காய்ச்சலோடு எழுதிய தேர்வு சித்தப்பா. எனக்கு அங்கே கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது.

அப்பாவிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். “பேச்சுன்னா பேச்சும்மா” என்கிறார். யாரிடம் பேச்சுக் கொடுத்தீர்கள் என்றால் அந்தப் பிறந்த நாள் அட்டையை எடுத்துக் காட்டுகிறார்.

பிரேம்தான் முதல் பெயர் என்பது தெரியும். தெரிந்தேதான் உங்களிடம் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

ஒரு வரி பதில் போடுங்கள். பள்ளிக்கூட விலாசத்துக்குப் போட்டால் போதும். ஆபீஸ் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அனிதா


அம்பத்தூர்
13.6.2005

அண்ணனுக்கு மணிவேல் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம்.

உங்கள் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இன்று லீவு போட்டுவிட்டுக் காலை பத்தரை மணிக்குப் பூர்ணோதயா அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். முத்திரை வைத்த ரசீது இத்துடன் இருக்கிறது. நீங்கள் சொன்னதை நான் எப்போதும் தட்டியதில்லை.

அனிதாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

மணிவேல்


ஜெயங்கொண்டம்
26.6.2005

தம்பிக்கு. உடம்பு பரவாயில்லை.

ராஜலிங்கத்தில் இருந்து கடிதம் வந்தது. மூன்று வரி. ‘வருந்துகிறோம்’ என்ற சொல் இருக்கிறது. கையெழுத்து இல்லை.

22ஆம் தேதி நான் மட்டும் பூர்ணோதயாவுக்குப் போனேன். முறிந்த இடத்துக்குத் திரும்பிப் போவது இந்த வயதில் இதுதான் முதல் தடவை. அந்த அலுவலர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “சார், நீங்களா அந்த லெட்டர் எழுதுனது? ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம் சார். எங்களுக்கு இப்படி மரியாதையா யாரும் எழுதுனதே இல்ல” என்றார். உட்காரவைத்தார். இடத்தைப் பற்றிக் கேட்டேன். “அன்னிக்கி மத்தியானமே லிஸ்டுல அடுத்த பேருக்குப் போயிடுச்சு சார். நீங்க சும்மா இருந்திருந்தாக்கூட இருபதாந் தேதி வரைக்கும் உங்களுக்குத்தான் இருந்திருக்கும்” என்றார். அடுத்த பெயரைச் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்றேன். டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

அங்கிருந்து அம்பத்தூர் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. நீங்கள் எல்லோரும் திருப்பதி போயிருப்பதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். பிரேம்குமாருக்கு மொட்டை போடுகிற வேண்டுதலாம். தரிசனம் நன்றாகக் கிடைத்திருக்கும்.

கவுன்சலிங்குக்கு இனிமேல் போட முடியாது என்று அனிதா சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

அய்யம்பெருமாள்


அம்பத்தூர்
20.7.2005

அண்ணனுக்கு வணக்கம். ஆபீஸில் கணக்கு முடிக்கிற நேரம், அதனால் உடனே எழுத முடியவில்லை. நீங்கள் வந்தபோது வீட்டில் இல்லாமல் போனதில் எங்களுக்கு மிகுந்த வருத்தம். முதுகுவலி இப்போது அடியோடு இல்லை.

பிரேம்குமார் 11ஆம் தேதி சேர்ந்தான். பூர்ணோதயா, கம்ப்யூட்டர் பிரிவு. ஹாஸ்டல்தான். எல்லாம் பெரியவர்கள் ஆசீர்வாதம்.

அனிதா என்ன செய்கிறாள்?

மணிவேல்


ஜெயங்கொண்டம்
7.8.2005

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் அனிதா வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் மங்கலாகத் தெரிவதால் என்னை எழுதச் சொன்னார். சர்க்கரை முந்நூறுக்கு மேல். ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா நலம்.

பிரேம் சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார் அப்பா. எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் இந்த வரி அவர் சொன்னபடியே இருக்கிறது. ஆவணியில் பேசி முடிப்பதாக இருந்த இரண்டு கல்யாணத்தையும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

நான் ஜூன் மாதம் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் தவறியிருக்கலாம்.

என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். அரியலூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். கணக்கு, கம்ப்யூட்டர், இயற்பியல் எல்லாம் நான் போவதற்கு முன்பே நிரம்பிவிட்டன. பி.ஏ. வரலாற்றில் ஒரு இடம் இருந்தது. காலையில் ஏழு பத்துக்கு பஸ்.

அனிதா